அந்தப் பேருக்கு மட்டும் வந்த ழகரம்

பார்த்தாச்சுன்னு காட்டுது. காலையில ஒன்பதரைக்கு அனுப்பின மெசேஜ், பத்தே முக்காலுக்குப் பார்த்திருக்கா, இப்ப மணி பதினொண்ணு இருபது, பதிலைக் காணோம். நான் என்ன ஊர்க்கதையா கேட்டேன்? வணக்கம், என் பேர் எழிலரசி, திருச்சியிலேர்ந்து எழுதுறேன், லிஃப்ட் மெக்கானிக் இசக்கிராஜை உங்களுக்குத் தெரியுமா? அவ்வளவுதான். தெரியாதவளா இருந்தா யாரு நீங்கன்னு உடனே கேட்டிருப்பா, இல்ல ஏதோ பைத்தியம்னு தூக்கிப் போட்டிருப்பா. பார்த்துட்டுச் சும்மா இருக்கா பாருங்க, அதுதான் இடிக்குது. தெரிஞ்சவதான் யோசிப்பா. யோசிச்சு, இவருக்குப் போனைப் போட்டு, உங்க பொண்டாட்டி கேக்குறா, என்ன சொல்லட்டும்னு கேட்டுட்டு அப்புறமா எனக்குப் பதில் போடுவா. இவரும் இந்த நேரம் பார்த்து ஆதார் ஜெராக்ஸ் எடுக்கணும்னு வெளியில போயிருக்கார். ஒரு ஜெராக்ஸ் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? கடை எதிர்லயேதான் இருக்கு, வர்றப்பவே பார்த்தேன். பாப்பாவப் பாத்துக்கிடு அரசி, இந்தா வந்துருதேன்னு போனவர், கால் மணி நேரமாச்சு. பாப்பா மடியில தூங்குறா, அஞ்சு மாசம் முடிஞ்சு ஆறு நடக்குது, வாய் ஓரத்துல பால் காஞ்சிருக்கு. இவளுக்குப் பேர் எழுதத்தான் வந்திருக்கோம். பிறப்புச் சான்றிதழ்ல பேர் இருக்க வேண்டிய இடம் இன்னும் வெறுமனே கிடக்கு. இன்னிக்கு எழுதிட்டா எழுதினதுதான்.

மாநகராட்சி கோட்ட அலுவலகம். பிறப்புக்கும் இறப்புக்கும் ஒரே ஜன்னல், ஒரே பெஞ்சு. எனக்கு இந்தப் பக்கம் ஒரு அம்மா மஞ்சப்பையில புருஷனோட ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, அந்தப் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு என்னை மாதிரியே கைக்குழந்தையோட. எங்க டோக்கன் முப்பத்தி நாலு, இப்ப ஓடுறது இருபத்தொன்பது. ஜன்னலுக்குள்ள இருக்கிற சார் தலைக்குச் சாயம் போட்டு நெத்தியிலயும் கொஞ்சம் தீத்திக்கிட்டிருக்கார். அவருக்கு ஒரு வழக்கம், வந்ததுலேர்ந்து கவனிக்கிறேன். ஃபார்ம்ல எழுதியிருந்தாலும், கம்ப்யூட்டர்ல அடிச்சிட்டாலும், சேவ் பண்றதுக்கு முன்னாடி அப்பாவைக் கூப்பிட்டுப் பேரை வாய்விட்டுச் சொல்லச் சொல்றார். அப்பா சொல்லணும், அம்மா சரின்னு சொல்லணும், அப்புறம்தான் பட்டனை அழுத்துவார். போன வருஷம் ஒரு பொண்ணு சான்றிதழைக் கையில வாங்கின பிறகு, இந்தப் பேரை நான் ஒத்துக்கவே இல்லைன்னு இங்கயே உட்கார்ந்து ஒப்பாரி வெச்சிச்சாம். ஏத்திட்டா அப்புறம் மாத்த எங்கெங்கயோ அலையணும்மா, என் உசிரை வாங்காதீங்கன்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றார். எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நான் சரின்னு சொன்னாத்தானே? என் கைப்பையில ரெண்டு ஃபார்ம் இருக்கு. ஒண்ணு இவர் எழுதினது. இன்னொண்ணு நேத்து நான் எழுதினது, அதுல எழில்நிலான்னு போட்டிருக்கேன், இவருக்குத் தெரியாது. ஆமா தெரியும்னு அவ பதில் போடட்டும், ரெண்டாவதைத்தான் ஜன்னல்ல நீட்டுவேன், இத்தனை பேர் முன்னாடி. என் பொண்ணு காலம் முழுக்க எவளோ ஒருத்தி பேரைச் சுமக்க மாட்டா.

இருபத்தொன்பது தன்விகா. முப்பது ரித்விகா. ரெண்டு அப்பாக்களும் கொஞ்சம் கூச்சத்தோட, கொஞ்சம் பெருமையோட சொன்னாங்க. ரெண்டு பேருமே உலகத்துல இல்லாத பேரைப் பிடிச்சிட்டோம்னு நினைச்சிக்கிட்டிருப்பாங்க, பாவம், நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல மூணு விகா உட்கார்ந்திருக்கும். எங்க காலத்துல பிரியா. ஏழாம் வகுப்புல எங்க செக்‌ஷன்ல மட்டும் நாலு பிரியா, இனிஷியல் போட்டுத்தான் டீச்சர் கூப்பிடுவாங்க. இவர் பிரியான்னு ஒரு பேரைச் சொல்லியிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். எந்தப் பிரியான்னு போய்த் தேடுறது? ஊர்ல பாதிப் பேர் பிரியா. மறைக்கிறதுக்கு வசதியான பேர் அது. இவர் என்னடான்னா மிழலைங்கறார். அதுவும் எப்படி? எனக்கு ஏழாம் மாசம் நடக்குறப்ப ஒரு நாள் சர்வீஸ் சீட்டோட பின்பக்கத்துல எழுதி, சோறு தின்னுக்கிட்டிருந்த என் தட்டுக்குப் பக்கத்துல நகர்த்தி வெச்சார். பொம்பளப் பிள்ளையா இருந்தா இதுன்னார். என்ன பேர், வாயால சொல்லுங்கன்னேன். அதான் எளுதியிருக்குல்லன்னார். எங்கேர்ந்து பிடிச்சீங்கன்னேன். எங்கயோ பாத்தேன்னார். எங்கயோ! மன்னார்குடியில எங்க அப்பாவுக்குப் போன் பண்ணினேன், முப்பத்தி ரெண்டு வருஷம் தமிழாசிரியரா இருந்தவர், மாப்பிள்ளையா சொன்னார்னு நாலு தரம் கேட்டார். பழைய நாட்டுப் பேரும்மா, குழந்தையோட திருந்தாத பேச்சுக்கும் அந்தப் பேர் உண்டு, அருமை அருமைன்னு குதிச்சார். ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்தப் பேர் எங்கே கிடைச்சுதுன்னு அவருக்குத் தோணல. எனக்கு மட்டும் அப்பவே ஒரு முள் தைச்சுது. சரி, பொம்பளப் பிள்ளையா இருந்தாத்தானேன்னு விட்டுட்டேன். பொம்பளப் பிள்ளைதான் பொறந்துச்சு. கீழ்வீட்டு அக்கா மிளகாயாங்கறாங்க, தடுப்பூசி போடுற நர்ஸ் அட்டையில மிலாலைன்னு எழுதியிருக்காங்க, ஒருத்தர் வாயிலயும் நிக்கல. இவர் வாயிலயும் நிக்காது, எப்படி நிக்கும்னுதான் இருந்தேன். மூணு மாசம் வரைக்கும் இவர் பாப்பான்னுதான் கூப்பிட்டார்.

தொட்டில்ல போட்ட அன்னிக்குத்தான் என் தூக்கம் போச்சு. இவங்க பக்கத்து வழக்கப்படி முதல்ல அத்தைக்காரி குழந்தை காதுல மூணு தரம் பேர் சொல்லணும், அப்புறம் அப்பா. இவரோட அக்கா குனிஞ்சு மிளலை மிளலை மிளலைன்னு சொல்லிட்டு எழுந்திரிச்சாங்க, அவங்களுக்கு அது அப்படித்தான் வரும், திருநெல்வேலியில பிறந்த வாய். அப்புறம் இவர் குனிஞ்சார். குழந்தை என் கையில, என் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்துல இவர் வாய். மிழலைன்னார். நாக்கு மேல மடிஞ்சு, சுத்தமா, எண்ணெயில நனைச்ச மாதிரி. மிழலை. மிழலை. மூணு தரமும் பிசிறே இல்ல. எங்க அப்பா கேட்டிருந்தா நூத்துக்கு நூறு போட்டிருப்பார். இந்த மனுஷன் பளம் தின்கிறவர். கோளிக்குளம்பு வைக்கச் சொல்றவர், வெள்ளிக்கிளமை கோயிலுக்குப் போறவர். நாலு வருஷத்துல ஒரு ழ, ஒரே ஒரு ழ இவர் வாயிலேர்ந்து நான் கேட்டதில்ல. கட்டின பொண்டாட்டி பேர்ல வராத ழ இந்தப் பேர்ல மட்டும் எப்படி வந்துச்சு? ஒரு பேரை எத்தனை தரம் சொன்னா ஒரு நாக்கு திருந்தும்? ஆயிரம் தரம்? பத்தாயிரம்? யாரைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி அது பழகிச்சு? காதலிக்கிறவன்தான் ஒரு பேரைத் தனியா உட்கார்ந்து சொல்லிப் பார்ப்பான். எனக்கு எவனும் அப்படிச் சொல்லிப் பார்த்ததில்ல.

என் பேரையும் சொன்னார், ஒரே ஒரு தடவை. கல்யாணம் முடிஞ்சு எங்க வீட்டுக்குள்ள நுழையுறப்ப, பொண்டாட்டி பேரைச் சொன்னாத்தான் உள்ளே விடுவோம்னு எங்க சித்தி பொண்ணுங்க வாசலை மறிச்சாங்க. எங்க பக்கம் எல்லாக் கல்யாணத்துலயும் நடக்குறதுதான். இவர் வேர்த்து விறுவிறுத்து எளிலரசின்னார். வாசல்ல நின்ன முப்பது பேரும் கொல்லுன்னு சிரிச்சிட்டாங்க. எங்க அண்ணன் விடுவானா, மாப்ள இன்னொரு தரம், மாப்ள இன்னொரு தரம்னு மூணு தரம் சொல்ல வெச்சான், சித்தி பொண்ணு போன்ல பிடிச்சா. அப்புறம் பந்தியில வாழைப்பழத்தை இவர் மூஞ்சிக்கு நேரா ஆட்டி, இது என்ன மாப்ளன்னான். அன்னிக்கு எடுத்த போட்டோ இன்னும் எங்க ஹால்ல மாட்டியிருக்கு, நான் தலையைப் பின்னால சாச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன், இவர் என்னையே பார்க்கிறார். என் கல்யாண ஆல்பத்துலயே எனக்குப் பிடிச்சது அதுதான். கேபிள் டிவியில உள்ளூர்ச் செய்தி வாசிச்சவ நான், பத்து நிமிஷம் வாசிச்சாலும் ஒரு ழ தவறாது, அந்தத் திமிர் எனக்கு உண்டுதான், அதுக்காக யாரையும் நான் மட்டமா நினைச்சதில்ல. தமாஷ், அவ்வளவுதான். இவரும் சிரிச்சார்னுதான் நினைக்கிறேன். மறுநாள்லேர்ந்து என்னை அரசின்னு கூப்பிட ஆரம்பிச்சார், எழிலை விட்டுட்டு. எனக்கு அப்படியே பூரிச்சுப் போச்சு, ராணி மாதிரி வெச்சிக்கிறாராம்னு என் ஃபிரண்டுகிட்ட சொல்லிப் பீத்திக்கிட்டேன். இப்ப யோசிச்சா, எனக்குப் பாதிப் பேர், அவளுக்கு முழுப் பேர்.

தொட்டில் முடிஞ்ச மூணாம் நாள் நெட்ல தேட ஆரம்பிச்சேன். பேர் வைக்கிற சைட்டெல்லாம் அலசினேன், ஒண்ணுல இந்த வருஷம் இந்தப் பேரைத் தேடினவங்க ஒன்பது பேர்னு போட்டிருந்துச்சு. ஒன்பது பேர்ல நாலு தடவை நானே தேடியிருப்பேன், மிச்சம் அஞ்சுல இவர் எத்தனை? ஃபேஸ்புக்ல அந்தப் பேர்ல மூணே பேர். ஒருத்தி கனடாவுல இருக்கிற கிழவி. ஒருத்தி காலேஜ் படிக்கிற சின்னப் பொண்ணு. மூணாவது, மிழலை தங்கபாண்டியன், பாளையங்கோட்டை. பாளையங்கோட்டை! இவர் பாலிடெக்னிக் படிச்ச ஊர். பேங்க் வேலை, பார்த்தா முப்பத்தஞ்சு இருக்கும், மூக்குத்தி, பருத்திப் புடவை, பக்கத்துல ஒரு பையன், புருஷன் போட்டோ ஒண்ணுகூட இல்ல. கூட்டத்துல இருக்கிற பேரா இருந்தா அவ தப்பிச்சிருப்பா, இந்தப் பேரே அவ வீட்டு வாசல்ல கொண்டு போய் விட்டுடுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா ஞாபகம் வருது. மாசம் ரெண்டு நாள் இவருக்குத் திருநெல்வேலி டியூட்டி, முன்னெல்லாம் வேண்டா வெறுப்பாப் போவார், இப்ப அவரே கேட்டு வாங்கிக்கிறார். குளிக்கப் போறப்ப போன் எதுக்கு? காதுல ஒயரை மாட்டிக்கிட்டு மொட்டை மாடியில துணி எடுக்கிற சாக்குல நிக்கிறார், வாய் முணுமுணுக்குது, என்னைப் பார்த்ததும் கப்புன்னு மூடிக்கிறார். ஒரு தடவை பாட்டான்னேன். ஆமா பாட்டுன்னார். பாட்டுக் கேக்குறவன் மூஞ்சி அப்படியா வேர்க்கும்? போனை எடுத்துப் பார்த்துடலாம்னு ரெண்டு தரம் கை போச்சு. எடுக்கல. எடுத்து, அதுல இருந்துட்டா? கைக்குழந்தையை வெச்சிக்கிட்டு நான் எங்கே போவேன், மன்னார்குடிக்கா? அப்பா முகத்துல எப்படி முழிப்பேன்? அதனால அவகிட்டயே கேட்டேன். மூணு வாரம் அடிச்சு அடிச்சு அழிச்சு, இன்னிக்குக் காலையிலதான் அனுப்பினேன்.

வந்துட்டார். கையில ஜெராக்ஸ், ஒரு பாட்டில் மோர். கடையில கரண்டு இல்ல, அடுத்த தெருவுக்குப் போயிட்டு வாரேன்னார். நான் கேக்கவே இல்ல. கேக்காத கேள்விக்குப் பதில் எதுக்கு? சட்டை முதுகோட ஒட்டியிருக்கு. பாப்பா கால்ல ஒரு கொசுவை ஊதி விட்டுட்டு, எத்தனாவது ஓடுதுன்னு கேட்டார். முப்பத்திரெண்டுன்னேன். ஜன்னலையே பார்க்கிறார். அங்கே முப்பத்திரெண்டாவது அப்பா யாஷிகாங்கறார், சார் சத்தமாங்கறார், யாஷிகா யாஷிகான்னு அந்தாளு கத்துறார். இவர் எச்சில் முழுங்குறதைப் பார்த்தேன். பேரை வாயால சொல்லணுமாக்கும்னு கேட்டார். ஆமா, அப்பாதான் சொல்லணும்னேன், அழுத்திச் சொன்னேன், முகத்தைப் பார்த்துக்கிட்டே. ஃபார்ம்ல எளுதியிருக்குல்ல, பொறவு என்னத்துக்குன்னார். உங்களுக்கென்ன, தொட்டில் அன்னிக்கு அவ்வளவு அழகாச் சொன்னீங்களேன்னேன். திரும்பி என்னைப் பார்த்தார். நல்லா இருந்துச்சான்னு கேட்டார், அடிக்குரல்ல. அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கல. மாட்டிக்கிட்டவன் ஆழம் பார்க்கிற கேள்வி அது. நான் மோரை வாங்கிக் குடிச்சேன், உப்பே இல்ல.

போன் அதிர்ந்துச்சு. வாய்ஸ் மெசேஜ், ஒண்ணரை நிமிஷம். யாருன்னார். ஃபிரண்டுன்னேன். குழந்தையை இவர் மடியில போட்டுட்டு, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு வராந்தாவுக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக் காதுல வெச்சேன். நிதானமான குரல், பின்னால பேங்க் சத்தம்.

"எழிலரசிங்களா? மன்னிச்சுக்கிடுங்க, கவுண்டர்ல கூட்டம், இப்பதான் பேச முடிஞ்சுது. தெரியுமே, உங்க வீட்டுக்காரர் எங்க பேங்க் லிஃப்டைப் பார்க்க வருவார். என் மேஜையில இருக்கிற பேர்ப் பலகையைப் பார்த்துட்டு, இதைச் சிரிக்காம சொல்லிக் குடுப்பீங்களா மேடம்னு கேட்டார். நான் சொல்லி ரெக்கார்டு பண்ணிக் குடுத்தேன், அதைக் கேட்டுக் கேட்டுப் பழகினார். வராதவர் எதுக்குங்க இந்தப் பேரைப் பிடிக்கிறீங்க, லேசா ஒண்ணு வெச்சுக்கிடலாமேன்னேன். எம் பொஞ்சாதி பேரையே நான் பாதிதான் கூப்பிடுதேன் மேடம், பிள்ளை பேரையாவது அவ முன்னாடி முழுசாச் சொல்லணும்னார். இப்ப உங்க பேர்லதான் இருக்கோம். எழி வரைக்கும் வந்துட்டார், அடுத்த மாசம் வந்துரும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தார், நீங்களே கேட்டதால சொல்லிட்டேன். தொட்டில்ல எப்படிச் சொன்னார்? நல்லாச் சொன்னாரா?"

ரெண்டாவது தரம் கேட்கலாம்னு விரல் போச்சு, முடியல. என் பேர். மொட்டை மாடியில வேர்த்துக்கிட்டு நின்னது என் பேர். சுவத்துல யாரோ வெத்தலைச் சுண்ணாம்பு தடவியிருந்தாங்க, அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். அழுகை வரல. முதல்ல வந்தது என்ன தெரியுமா, வெட்கம்கூட இல்ல, கோபம். அவகிட்ட போய் என்னைச் சொல்லியிருக்காரே, சிரிக்கிறவள்னு சொல்லியிருக்காரே. அப்புறம் அந்த போட்டோ. அதுல இவர் என்னைக் காதலாப் பார்க்கிறார்னு நாலு வருஷமா வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டிருந்தேன். பாளையங்கோட்டையில ஒரு மூக்குத்திக்காரி இருக்கான்னு மூணு வாரமா மண்டையை உடைச்சிக்கிட்டேனே, அவளா இருந்திருக்கலாமேன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், சத்தியமா. அவளா இருந்திருந்தா நான் கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம், எல்லாரும் என் பக்கம் நின்னிருப்பாங்க. முப்பத்தி நாலுன்னு உள்ளே கூப்பிட்டாங்க. கைப்பையிலேர்ந்து ரெண்டாவது ஃபார்மை எடுத்து நாலாக் கிழிச்சு ஜாக்கெட்டுக்குள்ள திணிச்சிக்கிட்டு ஓடினேன்.

ஜன்னல்ல சார் எல்லாத்தையும் அடிச்சு முடிச்சிட்டார். புதுசா இருக்கே பேருன்னு கண்ணாடியை நெத்திக்கு ஏத்தினார். எங்களுக்குப் பின்னால எட்டுப் பத்துப் பேர் நெருக்கிக்கிட்டு நிக்கிறாங்க. அப்பா சொல்லுங்கன்னார். இவர் குழந்தையை என்கிட்ட குடுத்தார், ஜன்னல் கம்பியைப் பிடிச்சார், மூச்சு இழுத்தார். நாக்கை மேலே கொண்டு போறது தாடையில தெரிஞ்சுது. சொல்லிடுங்க, சொல்லிடுங்கன்னு நான் உள்ளுக்குள்ள வேண்டிக்கிறேன், இந்த உலகத்துல அந்த நிமிஷம் எனக்கு வேற எதுவும் வேண்டியதில்ல. பின்னால யாரோ, சீக்கிரம் சார், வேலை இருக்குல்லன்னாங்க.

"மிளலை."

சொன்னதும் இவர் சாரைப் பார்க்கல. என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சு முழுசா அஞ்சு நிமிஷம்கூட ஆகல. ஆனாலும் வந்துடுச்சு. சத்தமா இல்ல, உதட்டு ஓரத்துல, விக்கல் வர்ற மாதிரி, நாலு வருஷமாப் பழகின சிரிப்பு. பல்லைக் கடிச்சு மூடிக்கிட்டேன், குழந்தை தலையில முகத்தைப் புதைச்சிக்கிட்டேன். பார்த்துட்டார். என்னது, சத்தமான்னு சார் கேக்குறார். இவர் கம்பியிலேர்ந்து கையை எடுத்தார், ஒரு அடி பின்னால நகர்ந்தார், என் கையிலேர்ந்து குழந்தையைப் பதமா வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டார். முகத்துல கோபம் இல்ல. கோபம் இருந்தா நல்லா இருந்திருக்கும்.

"அவ சொல்லுவா சார். அவளுக்குத்தான் நல்லா வரும்."

சார் என் பக்கம் திரும்பிச் சொல்லும்மான்னார். நான் இவரைப் பார்த்தேன், இவர் குழந்தை முதுகைத் தட்டிக்கிட்டே சொல்லுன்னு தலையை ஆட்டினார். சொன்னேன். சுத்தமா வந்துச்சு.